குத்துச்சண்டை வீட்டை விட்டுப் போன கதை
திரைக்கு வந்த விளையாட்டுகள் – 9

1977 செப்டம்பர் 29, வியாழன் இரவு. நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் முகமது அலியும் எர்னி ஷேவர்ஸும் 15 சுற்றுப் போட்டிக்கு இறங்கினார்கள். என்.பி.சி. தொலைக்காட்சி அதை நேரடியாகக் காட்டியது. அன்று ஒரு புது ஏற்பாடு. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நடுவர்கள் போட்ட மதிப்பெண்ணைத் திரையில் அறிவித்தார்கள். அலியின் பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி சும்மா இருப்பாரா? உடைமாற்றும் அறையில் டிவிக்கு முன்னால் தன் ஆள் ஒருவரை உட்காரவைத்து, மதிப்பெண்ணைச் சுற்றுக்குச் சுற்று தெரிந்துகொண்டார். எவ்வளவு முன்னிலையில் இருக்கிறோம் என்ற கணக்கோடு அலி ஆடினார். ஷேவர்ஸ் பக்கம் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. தீர்ப்பு அலிக்குப் போனது.

அந்த இரவில் அமெரிக்காவில் ஏறத்தாழ 7 கோடிப் பேர் அந்தப் போட்டியைப் பார்த்ததாகக் கணக்கிட்டார்கள். நாட்டின் மக்கள்தொகையே அப்போது 22 கோடிதான். பார்த்தவர்கள் யாரும் தனியாக ஒரு காசு கட்டவில்லை. வீட்டில் ஒரு டிவி பெட்டியும் கூரையில் ஆன்டெனாவும் இருந்தால் போதும்.

38 ஆண்டுகள் கழித்து, 2015 மே 2-ஆம் தேதி, லாஸ் வேகாஸில் ஃபிளாய்ட் மேவெதரும் மேனி பக்கியாவும் மோதினார்கள். வரலாற்றிலேயே அதிகப் பணம் ஈட்டிய குத்துச்சண்டை அது. 90 முதல் 100 டாலர் வரை கட்டினால்தான் பார்க்க முடியும். கட்டியவை 46 லட்சம் வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் பத்துப் பேர் கூடிப் பார்த்தார்கள் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 4 கோடியே 60 லட்சம்தான் வருகிறது. மக்கள்தொகையோ 32 கோடியாக வளர்ந்திருந்தது.

இந்த இரண்டு இரவுகளுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதுதான் இந்த வாரக் கதை. வழக்கமாகச் சொல்லப்படும் விடை ஒன்று உண்டு. 1982-ல் ஒரு வீரர் டிவி நேரலையில் அடிபட்டு இறந்தார், விளம்பரதாரர்கள் பயந்தார்கள், தொலைக்காட்சி நிறுவனங்கள் ஒதுங்கிக்கொண்டன என்பார்கள். அந்தச் சாவு உண்மை, அதன் அதிர்ச்சியும் உண்மை. ஆனால் காரணம் அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே உருவாகிவிட்டது.

கேமராவுக்காகவே பிறந்த விளையாட்டு

தொலைக்காட்சியின் தொடக்க காலத்தில் ஒரு கேமராவைத் திருப்புவதே பெரிய வேலை. பேஸ்பால் மைதானத்தில் பந்து எங்கே போகிறது என்று கேமராவால் தொடர முடியவில்லை. குத்துச்சண்டைக்கு அந்தச் சிக்கல் இல்லை. சிறிய சதுர மேடை, தலைக்கு மேலே பளீரென்ற வெளிச்சம், இரண்டே ஆட்கள். மூன்று நிமிடச் சண்டை, ஒரு நிமிட ஓய்வு. அந்த ஓய்வு நிமிடம் விளம்பரத்துக்கென்றே செய்ததுபோல் அமைந்தது.

1946 ஜூன் 19-ல் யாங்கி ஸ்டேடியத்தில் நடந்த ஜோ லூயிஸ் – பில்லி கான் போட்டியை என்.பி.சி. காட்டியபோது நாட்டில் டிவி பெட்டிகள் சில ஆயிரம்தான் இருந்தன. பெரும்பாலானவர்கள் மதுக்கடைகளில் நின்றுகொண்டு பார்த்தார்கள். 1950-ல் நூற்றில் ஒன்பது வீடுகளில் டிவி இருந்தது. 1960-க்குள் ஏறத்தாழ பத்தில் ஒன்பது வீடுகளை அது எட்டியது. அந்தப் பத்தாண்டில் திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் பல இரவுகள் குத்துச்சண்டைக்கு உரியவை. வெள்ளிக்கிழமைக்குப் பணம் கொடுத்தது ஜில்லெட் பிளேடு. புதன்கிழமைக்குப் பாப்ஸ்ட் பீர்.

இலவசமாக வீட்டுக்கே வந்த இந்த விருந்தின் விலையை முதலில் கொடுத்தவை பேட்டைகளில் இருந்த சிறு அரங்குகள். நியூயார்க் 66-ஆம் தெருவில் செயின்ட் நிக்கலஸ் அரங்கம் என்று ஒன்று இருந்தது. பனிச்சறுக்கு விளையாடக் கட்டிய பழைய கட்டடம். நான்கு சுற்று, ஆறு சுற்றுப் போட்டிகளில் புதுப் பையன்கள் அங்கே மேடையேறுவார்கள். தோற்பார்கள். தோற்ற இடத்தைத் திருத்திக்கொண்டு அடுத்த மாதம் திரும்ப வருவார்கள். பின்னாளில் உலக ஹெவிவெயிட் பட்டம் வென்ற ஃபிளாய்ட் பேட்டர்சன் 1952-ல் தன் முதல் தொழில்முறைப் போட்டியை ஆடியது அங்கேதான். இத்தகைய அரங்குகள் ஊருக்கு ஊர் இருந்தன. அவைதான் இந்த விளையாட்டின் நாற்றங்கால்.

வெள்ளிக்கிழமை மேடிசன் ஸ்கொயர் கார்டனின் பெரிய போட்டி வீட்டிலேயே தெரியும்போது, பக்கத்துத் தெரு அரங்கில் சீட்டு வாங்க யார் போவார்கள்? அரங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 1956-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் எழுத்தாளர் ஏ.ஜே. லீப்லிங் இதைச் சொல்லித்தான் ஆத்திரப்பட்டார்: பீரும் பிளேடும் விற்பதற்காக ஒரு கலையின் பயிற்சிக்கூடங்களை அழிக்கிறார்கள் என்று. செயின்ட் நிக்கலஸ் 1962 மே மாதத்தில் மூடப்பட்டது. மூடுவதற்குச் சில நாள் முன்பு அங்கே பில்லி டேனியல்ஸைத் தோற்கடித்துவிட்டுப் போனவர் இருபது வயது கேஷியஸ் கிளே, பின்னாளைய முகமது அலி. அரங்கம் பிறகு ஏ.பி.சி. தொலைக்காட்சியின் கைக்குப் போனது.

சிறு அரங்குகள் போனதும் புது வீரன் நேராக டிவி மேடையில் ஏற வேண்டியதாயிற்று. அங்கே ஒரு தடவை தோற்றால் விளம்பரதாரருக்கு அவன் வேண்டாம். தற்காப்பில் தேர்ந்த வீரனும் வேண்டாம், வீசி வீசி அடிப்பவன் வேண்டும். கல்லூரியில் படித்தவர், இடக்கைக்காரர், பார்வைக்கும் நல்லவரான சக் டேவியை டிவி தூக்கிவைத்துக் கொண்டாடியது. தோல்வியே காணாதவர் என்று பெயர் பெற்று, 1953 பிப்ரவரியில் சிகாகோவில் பட்டத்துக்காக கிட் கவிலானைச் சந்தித்தார். கவிலான் பழைய அரங்குகளில் பாடம் கற்றவர். சில சுற்றுகளில் தானும் இடக்கைக்காரர்போல் நின்று ஆடிக்காட்டியே டேவியை வீழ்த்தினார். திரை உருவாக்கிய புகழுக்கும் அரங்கு உருவாக்கிய திறமைக்கும் உள்ள தூரத்தை நாடே பார்த்தது.

ஒரே ஆண்டில் இரண்டு பாதைகள்

1960-ல் என்.பி.சி. வெள்ளிக்கிழமை நிகழ்ச்சியைக் கைவிட்டது. குத்துச்சண்டையின் பெயர் கெட்டுப்போயிருந்தது. ஜேம்ஸ் நாரிஸ் தலைமையிலான ஒரு நிறுவனம் பெரிய போட்டிகளை எல்லாம் தன் கைக்குள் வைத்திருந்ததும், அதன் பின்னால் ஃபிராங்கி கார்போ என்ற மாஃபியா ஆள் இருந்ததும் வெளிவந்தன. 1947-ல் பில்லி ஃபாக்ஸிடம் வேண்டுமென்றே தோற்றதாக ஜேக் லமோட்டா 1960-ல் செனட் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். அந்த விசாரணையை நடத்திய செனட்டர் எஸ்டெஸ் கீஃபாவர், குத்துச்சண்டையை மத்திய அரசின் மேற்பார்வையில் கொண்டுவர மசோதா போட்டார். அது நிறைவேறவில்லை. 1963-ல் அவர் இறந்தார்.

இந்தக் கதையின் அச்சாணி இங்கேதான் இருக்கிறது. கீஃபாவரின் மசோதா கிடப்பில் கிடந்த அதே 1961-ல், செப்டம்பர் 30 அன்று, அதிபர் கென்னடி வேறொரு சட்டத்தில் கையெழுத்திட்டார். தொழில்முறை விளையாட்டு லீக்குகள் தங்கள் அணிகள் எல்லாவற்றின் ஒளிபரப்பு உரிமையையும் ஒன்றாகச் சேர்த்து விற்கலாம் என்றது அந்தச் சட்டம். அமெரிக்கக் கால்பந்தின் தலைமை நிர்வாகி பீட் ரோசெல் உடனே சி.பி.எஸ். நிறுவனத்திடம் ஆண்டுக்கு 46.5 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் போட்டார். நியூயார்க் போன்ற பெருநகர அணிக்கும் கிரீன் பே போன்ற சிற்றூர் அணிக்கும் சம பங்கு. பெரிய அணிகள் தனியாக விற்றால் இன்னும் சம்பாதித்திருக்கும். ஆனால் எல்லோரும் பார்த்தால்தான் நாளைக்கும் பார்ப்பார்கள் என்று பேச அங்கே ஒரு நிர்வாகம் இருந்தது. அவர்களின் இறுதிப் போட்டி இன்றும் கட்டணமில்லாத தொலைக்காட்சியில்தான் வருகிறது.

குத்துச்சண்டையில் அப்படிப் பேச யாரும் இல்லை. லீக் இல்லை, பருவம் இல்லை, பொது அட்டவணை இல்லை. ஒவ்வொரு போட்டியும் ஒரு புரமோட்டரின் தனிச் சரக்கு. அதற்கு இன்று கிடைக்கும் விலைதான் அவர் கணக்கு. அடுத்த தலைமுறைக்கு இந்த விளையாட்டு தெரிய வேண்டும் என்ற கவலை யாருடைய பொறுப்பிலும் வரவில்லை.

என்.பி.சி. விட்டதை ஏ.பி.சி. எடுத்துக்கொண்டது. 1962 மார்ச் 24, சனிக்கிழமை இரவு, மேடிசன் ஸ்கொயர் கார்டனில் எமில் கிரிஃபித்தும் கியூபாவின் பென்னி பாரெட்டும் மூன்றாவது முறையாக மோதினார்கள். 12-வது சுற்றில் பாரெட் மூலையில் சிக்கிக்கொண்டார். கைகள் தளர்ந்து கயிற்றில் சாய்ந்து நின்றவர்மேல் அடிமேல் அடி விழுந்தது. நடுவர் கிரிஃபித்தைப் பிடித்து இழுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பாரெட் பத்து நாள் நினைவில்லாமல் கிடந்து ஏப்ரல் 3-ல் இறந்தார். அந்த அடிகளை வீட்டில் இருந்தவர்கள் நேரலையில் பார்த்தார்கள், மறுஒளிபரப்பில் மெதுவாக ஓடவிட்டும் பார்த்தார்கள்.

1964 செப்டம்பர் 11-ல் கிளீவ்லாண்டில் நைஜீரியாவின் டிக் டைகர் டான் ஃபுல்மரை வென்ற போட்டியோடு ஏ.பி.சி.யின் வாராந்தர நிகழ்ச்சி நின்றது. முன்போல் எல்லா வாரமும் குத்துச்சண்டை என்ற காலம் அதோடு முடிந்தது.

வீட்டில் வளர்த்து வெளியே விற்றார்கள்

பெரிய பட்டப் போட்டிகள் அதற்கு முன்பே வேறு வழி கண்டுபிடித்திருந்தன. திரையரங்குகளில் தனிக் கம்பி வழியே நேரடியாகக் காட்டி, வாசலில் சீட்டு விற்பது. 1971 மார்ச் 8-ல் அலி – ஜோ ஃபிரேசியர் முதல் மோதலுக்கு இருவருக்கும் தலா 25 லட்சம் டாலர் கொடுக்க முடிந்தது இந்தச் சீட்டுப் பணத்தால்தான்.

ஆனாலும் 1970களின் நடுவில் குத்துச்சண்டை மீண்டும் வீட்டுக்கு வந்தது. அலி தன் போட்டிகள் பலவற்றைக் கட்டணமில்லாத தொலைக்காட்சியில் ஆடினார். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் அமெரிக்கக் குத்துச்சண்டை அணி ஐந்து தங்கம் வென்றதை ஏ.பி.சி. காட்டியது. ஐவரில் ஒருவர் சுகர் ரே லெனார்ட். அடுத்த பிப்ரவரியில் அவருடைய முதல் தொழில்முறைப் போட்டியை சி.பி.எஸ். காட்டியது. 1979 நவம்பர் 30-ல் வில்ஃபிரட் பெனிடெஸை வென்று அவர் உலகப் பட்டம் பெற்றதை ஏ.பி.சி. காட்டியது. 15-வது சுற்றில் ஆறு வினாடிதான் பாக்கி இருந்தது. நடுவர் போட்டியை நிறுத்தியபோது நாடே உடன் இருந்தது.

அதற்கடுத்த ஜூன் மாதம் லெனார்ட் தன் பட்டத்தைக் காக்க ராபர்ட்டோ டுரானைச் சந்தித்தார். இடம் அவர் தங்கம் வென்ற அதே மாண்ட்ரியல். இந்த முறை காசு கட்டாமல் நேரலையில் பார்க்க வழியில்லை. 1981-ல் தாமஸ் ஹேர்ன்ஸுடன் நடந்ததும் அப்படியே. ஒரு வீரனை நான்கு ஆண்டு வீட்டுக்கு வீடு கொண்டுபோய் எல்லோருக்கும் பிரியமானவனாக்கிவிட்டு, அவன் வாழ்க்கையின் பெரிய போட்டி வந்ததும் கதவைச் சாத்தினார்கள்.

நம்பிக்கையும் கூடவே கெட்டது. 1977-ல் புரமோட்டர் டான் கிங்கோடு சேர்ந்து ஏ.பி.சி. ஒரு தேசியப் போட்டித் தொடர் நடத்தியது. ‘தி ரிங்’ பத்திரிகையின் தரவரிசையை வைத்து வீரர்களைத் தேர்ந்தெடுத்ததாகச் சொன்னார்கள். சிலருடைய வெற்றிக் கணக்கு பொய் என்பதைக் கண்டவர்கள் இருவர். ஒருவர் ஏ.பி.சி.யிலேயே வேலை பார்த்த இளைஞர் அலெக்ஸ் வாலாவ். இன்னொருவர் சொந்தமாகச் செய்தித்தாள் அச்சடித்து விற்ற மால்கம் ‘ஃபிளாஷ்’ கார்டன். ஆடாத போட்டிகளை ஆடியதாகவும் வென்றதாகவும் பத்திரிகையில் ஏற்றியிருந்தார்கள். ஏப்ரல் மாதம் ஏ.பி.சி. தொடரையே நிறுத்தியது. கணக்கைச் சரிபார்க்கப் பொதுவான ஓர் அமைப்பு இருந்திருந்தால் இந்த வேலையை இரண்டு தனி ஆட்கள் செய்ய வேண்டியிருந்திருக்காது.

1982 நவம்பர்

நவம்பர் 13, சனிக்கிழமை மதியம். லாஸ் வேகாஸ் சீசர்ஸ் பேலஸின் திறந்தவெளி மேடை. சி.பி.எஸ். நேரலை. ஒஹாயோவின் யங்ஸ்டவுன் நகரத்துப் பையன் ரே மான்சினி. அவருடைய தந்தையும் குத்துச்சண்டைக்காரர், உலகப்போரில் காயம்பட்டதால் பட்டத்துக்கான வாய்ப்பை இழந்தவர். அப்பாவுக்காக மகன் வென்ற பட்டம் என்று அந்தக் குடும்பக் கதையை டிவி வழியே எல்லோரும் அறிந்திருந்தார்கள். எதிரே தென்கொரியாவின் கிம் டுக்-கூ. அமெரிக்காவில் அவரை யாருக்கும் தெரியாது.

13 சுற்றுகள் இருவரும் பின்வாங்கவே இல்லை. 14-வது சுற்று தொடங்கிய சில வினாடிகளில் மான்சினியின் வலக்கை கிம்மைக் கீழே தள்ளியது. கிம் கயிற்றைப் பற்றிப் பற்றி எழுந்து நின்றார். நடுவர் போட்டியை நிறுத்தினார். அடுத்த சில நிமிடங்களில் கிம் நினைவிழந்தார். நான்கு நாள் கழித்து இறந்தார்.

இரண்டு வாரத்துக்குள், நவம்பர் 26-ல், லாரி ஹோம்ஸ் 15 சுற்றும் டெக்ஸ் காப்பை அடித்துக்கொண்டே இருந்ததைப் பார்த்த ஏ.பி.சி.யின் ஹோவர்ட் கோசெல், இனித் தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு வர்ணனை செய்வதில்லை என்று விலகினார். அலியின் பெயரோடு சேர்த்தே சொல்லப்பட்ட குரல் அது. 1983 ஜனவரியில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் குத்துச்சண்டையைத் தடைசெய்யச் சொல்லித் தலையங்கம் எழுதியது. உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் பட்டப் போட்டியை 15 சுற்றிலிருந்து 12 ஆக்கியது. மற்ற அமைப்புகளும் அந்தப் பத்தாண்டின் முடிவுக்குள் அதைப் பின்பற்றின. ஓய்வு நிமிடங்களையும் சேர்த்தால் 15 சுற்றுக்கு 59 நிமிடம், 12 சுற்றுக்கு 47. முன்னுரைக்கும் விளம்பரத்துக்கும் இடம்விட்டு ஒரு மணி நேரத்துக்குள் இப்போது போட்டி அடங்கியது.

கிம்மின் சாவு குத்துச்சண்டையைத் தொலைக்காட்சியிலிருந்து விரட்டியிருந்தால் அடுத்து நடந்தது நடந்திருக்கக் கூடாது. 1984 நவம்பர் 15-ல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கின் பதக்க வீரர்கள் தொழில்முறைக்கு வந்த முதல் நிகழ்ச்சியை மேடிசன் ஸ்கொயர் கார்டனிலிருந்து ஏ.பி.சி. காட்டியது. தொலைக்காட்சிக்கு ஆசை விடவில்லை, பார்ப்பவர்களுக்கும் விடவில்லை. அன்று மேடையேறியவர்களில் ஒருவர் இவாண்டர் ஹோலிஃபீல்ட். ஏழே ஆண்டில், 1991 ஏப்ரல் 19-ல், அவர் ஜார்ஜ் ஃபோர்மனோடு ஆடியபோது 14 லட்சம் வீடுகள் தனிக் கட்டணம் கட்டிப் பார்த்தன. 1997-ல் மைக் டைசன் அவர் காதைக் கடித்த போட்டியை வாங்கியவை ஏறத்தாழ 20 லட்சம் வீடுகள். ஒரு வீட்டுக்கு 50 டாலர் என்று வைத்தால் ஓர் இரவில் 10 கோடி டாலர். எந்த விளம்பரதாரரும் அந்தத் தொகையைக் கொடுக்க மாட்டார்.

இடைப்பட்ட போட்டிகளை எச்.பி.ஓ. எடுத்துக்கொண்டது. சந்தாப் பணத்தில் நடக்கும் சேனல், விளம்பரதாரரின் பயமே அதற்கு இல்லை. 1973 ஜனவரியில் ஃபோர்மன் – ஃபிரேசியர் போட்டியோடு தொடங்கி, 1986 முதல் டைசனை வைத்துக் குத்துச்சண்டையின் முகவரியாகவே ஆனது. கட்டணமில்லாத சேனல்களுக்கு மிஞ்சியவை மூன்றாம் தரப் போட்டிகள். போட்டி சுமாரானதால் பார்ப்பவர் குறைந்தார்கள், பார்ப்பவர் குறைந்ததால் சேனல்கள் நிறுத்தின. பட்டம் கொடுக்கும் அமைப்புகள் நான்கு, எடைப் பிரிவுகள் 17 என்று ஆனபிறகு யார் சாம்பியன் என்பதே பொதுமக்களுக்குக் குழப்பம். 2012 டிசம்பரில் சி.பி.எஸ். ஒரு போட்டியைக் காட்டியபோது, அந்தச் சேனலில் 15 ஆண்டுகளில் முதல் குத்துச்சண்டை என்று அதைச் செய்தியாக எழுதினார்கள்.

தலைகீழான கணக்கு

2015 மார்ச் 7-ல் என்.பி.சி. முன்னிரவு நேரத்தில் கீத் தர்மன் – ராபர்ட் கெரேரோ போட்டியைக் காட்டியது. 30 ஆண்டுகளில் அந்த நேரத்தில் அங்கே குத்துச்சண்டை வருவது அதுவே முதல் தடவை. அதை ஏற்பாடு செய்த அல் ஹேமன் தரப்பு உரிமைத்தொகை வாங்கவில்லை, ஒளிபரப்பு நேரத்தைத் தானே விலைகொடுத்து வாங்கியது. ஒருகாலத்தில் பிளேடு கம்பெனி பணம் கொட்டி அழைத்துவந்த விளையாட்டு, இப்போது பணம் கொடுத்து அதே வாசலில் நின்றது. 2018 டிசம்பரில் எச்.பி.ஓ.வும் 45 ஆண்டுப் பழக்கத்தை நிறுத்தியது.

நஷ்டப்பட்டது யார் என்று பார்த்தால் பெரிய சாம்பியன்கள் அல்ல. அவர்கள் முன்னெப்போதும் இல்லாத பணம் பார்த்தார்கள். இழந்தவர்கள் இரு தரப்பு. நூறு டாலர் கட்ட வழியில்லாத வீடுகளின் பிள்ளைகள் ஒன்று. குத்துச்சண்டை வீரர்கள் பெரும்பாலும் வந்தது அந்த வீடுகளிலிருந்துதான். கீழ்வரிசையில் ஆடும் வீரர்கள் மற்றொன்று. அவர்களில் பெரும்பாலோருக்கு ஓய்வூதியம் இல்லை, சங்கம் இல்லை, இப்போது முகம் தெரிய ஒரு மேடையும் இல்லை. அலியின் பெயரிலேயே 2000-ல் வந்த சட்டம் வீரர்களை மோசமான ஒப்பந்தங்களிலிருந்து காக்க முயன்றது. பொதுமக்களுக்கு இந்த விளையாட்டைத் திருப்பிக் கொடுக்க அதில் எதுவும் இல்லை.

ரசிகர்கள் குத்துச்சண்டையைக் கைவிட்டார்கள் என்று எழுதுவது அநியாயம். வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் அவர்கள் கோடிக்கணக்கில் வந்து உட்கார்ந்தார்கள். 1961-ல் கால்பந்துக்குக் கிடைத்ததுபோல் எல்லோருக்காகவும் பேசும் ஒரு நிர்வாகம் இதற்குக் கிடைத்திருந்தால், ஒரு பெரிய போட்டியின் வசூல் குறைந்திருக்கும், ஆனால் ஒரு விளையாட்டு வீடுகளில் நிலைத்திருக்கும். அந்த வாய்ப்பைத் தவறவிட்டவர்கள் புரமோட்டர்களும், சட்டம் செய்யத் தயங்கிய செனட்டர்களும். பார்வையாளர்கள் அல்லர்.

இதே கதை அட்லாண்டிக்கின் மறுகரையில் எப்படி நடந்தது? 1985-ல் பேரி மெக்கிகன் பட்டம் வென்றதை பிபிசியில் பார்த்த பிரிட்டன், பதினோரே ஆண்டில் ஃபிராங்க் புரூனோவின் போட்டிக்குத் தனிக் கட்டணம் கட்ட எப்படிச் சம்மதித்தது? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)